மதுரை ஆங்கிலத்தின் ஈற்றசைகள்

பள்ளி ஆங்கிலத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு கோடிட்ட இடம் வரும். 'ஹி இஸ் எ டாக்டர்' என்று அச்சடித்து, காற்புள்ளி வைத்து, கோடு இழுத்து, கேள்விக்குறி போட்டிருப்பார்கள். 'இஸன்ட் ஹி' என்று நிரப்பினால் மதிப்பெண். மதுரையில் எந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் இதைத் தப்பில்லாமல் நிரப்பிவிடும். 'லெட்ஸ்' என்று தொடங்கினால் 'ஷல் வி', 'ஐ ஆம்' என்று தொடங்கினால் 'ஆரன்ட் ஐ' என்ற விதிவிலக்குகள் கூட மனப்பாடம். அதே பிள்ளை தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் நிற்பவனிடம் 'பேப்பர் ஈஸிதான்ல?' என்கிறது. ஆங்கிலத்தில் பேசியே தீர வேண்டும் என்று யாராவது நிறுத்திவைத்தால் 'தி பேப்பர் வாஸ் ஈஸி, நோ?' என்கிறது. படித்த 'வாஸன்ட் இட்' விடைத்தாளோடு போய்விட்டது. வாக்கியத்தின் வாலில் வீட்டுப் பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பிழை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அழைப்பு மையத் தொழிலில் இதற்கு 'எம்டிஐ' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தாய்மொழியின் தாக்கம் என்று விரியும். ஏதோ சத்துக்குறைவு நோயின் பெயர்போல அதைச் சொல்வார்கள், களைவதற்கு வாரக்கணக்கில் பயிற்சியும் தருவார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. மதுரைக்காரர் ஆங்கிலத்திலிருந்து சொற்களைக் கடன் வாங்கினார், வாக்கியத்தை முடிக்கும் விதத்தை வாங்கவில்லை. அந்த முடிப்புகளை விளங்கிக்கொள்ள ஆங்கில இலக்கணப் புத்தகத்தைவிடத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களைப் பேசும் ஏழாவது இயலான இடையியல் அதிகம் உதவுகிறது. இன்னொரு படி மேலே போய்ச் சொன்னால், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்கள் பேச்சின் கடைசியில் விட்டுச்செல்லும் துணுக்குகளை விளங்கிக்கொள்ளவும் அதே இயல் கைகொடுக்கிறது.

முதலில் 'இஸன்ட் ஹி'. இதைச் சொல்லி முடிக்க ஆங்கிலம் பேசுபவர் நான்கு கணக்குப் போட வேண்டும்: துணைவினை எது, காலம் எது, உடன்பாடா எதிர்மறையா, எழுவாய்க்கு எந்தச் சுட்டுப்பெயர். அதற்கு மேல் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஐந்தாவது கணக்கு. ஏறினால் உண்மையிலேயே கேட்கிறார். இறங்கினால் தனக்குத் தெரிந்ததை நம் வாயால் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார். விடைத்தாளுக்குக் குரல் கிடையாது என்பதால் இந்த ஐந்தாவது கணக்கை நம் பள்ளி கண்டுகொள்வதில்லை. பேச்சில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. 'வந்தான், இல்லையா?', 'வந்தாள், இல்லையா?', 'நாளைக்கு வர்றீங்க, இல்லையா?' எதற்கும் ஒரே 'இல்லையா'தான். 'இல்லை' என்ற சொல் பால், இடம், காலம் பார்த்து மாறுவதில்லை. ஆகவே 'யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?' என்று ஒருவர் சொல்லும்போது அவர் ஆங்கிலக் கணக்கில் தவறு செய்யவில்லை, கணக்கே போடவில்லை. மாறாத வால் ஒன்றைத் தன் மொழி தந்த அச்சில் வார்த்து வைத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் இதே மாதிரி மாறாத வால்கள் உண்டு. லண்டன் இளைஞர்கள் 'இஸன்ட் இட்'டைச் சுருக்கி 'இன்னிட்' ஆக்கி, ஆண் பெண் ஒருமை பன்மை பாராமல் எல்லா வாக்கியத்துக்கும் போடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் எம்டிஐ என்று சொல்வதில்லை.

ஒரு வேடிக்கை. மொழியியலாளர்கள் குன்னெல் டோட்டியும் செபாஸ்டியன் ஹாஃப்மனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சுவழக்கில் பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களைப் போல ஒன்பது மடங்கு இந்தக் கேள்வி வால்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'ரைட்?' என்று போட்டு முடித்துவிடுவார்கள். மதுரைக்கு ஆங்கிலக் கல்வியைப் பெருமளவு கொண்டுவந்தவர்களோ அமெரிக்கர்கள்: 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய அமெரிக்க மிஷன், 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரி. அப்படியிருந்தும் நம் வினாத்தாள் இன்றுவரை பிரிட்டிஷ் வாலையே அளந்துகொண்டிருக்கிறது. தொலைபேசியின் மறுமுனையில் டெக்சஸ்காரர் பேசப்போகிறார் என்றால் அந்த ஒரு மதிப்பெண்ணால் பெரிய பயன் இல்லை.

இந்த வால் யாருடைய பேச்சில் அதிகம் என்பதிலும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975இல் வெளிவந்த நூலில், பெண்களே இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள், அது தயக்கத்தின் அடையாளம் என்றார். அதே ஆண்டில் டுபுவாவும் கிரௌச்சும் ஒரு கல்விக் கூட்டத்தில் பேசப்பட்டதை எண்ணிப் பார்த்தார்கள். அங்கே வால் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். பிற்பாடு ஜானெட் ஹோம்ஸ் நியூசிலாந்தில் செய்த ஆய்வுகள், எண்ணிக்கையைவிட வால் என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம் என்று காட்டின: எதிராளியைப் பேச்சுக்குள் இழுக்கும் வால் வேறு, தன் ஐயத்தைக் காட்டும் வால் வேறு. மதுரை வீடுகளில் பேச்சைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 'நீ சாப்பிட்டேல்ல?' என்று கேட்கும் அம்மாவுக்கு ஐயம் ஏதுமில்லை, தட்டைக் கழுவி வைத்ததே அவர்தான். பேச்சைத் தொடங்க ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'ல்ல' தான் மதுரை ஆங்கிலத்தில் 'நோ' ஆகிறது. 'இல்ல' தேய்ந்து 'ல்ல' ஆகி, வினைமுற்றோடு ஒட்டிக்கொண்ட துணுக்கு அது. 'சொன்னேன்ல' என்பதில் கேள்வியே இல்லை. நான் முன்னாலேயே எச்சரித்தேன், நீதான் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. இதை அப்படியே 'ஐ டோல்ட் யூ, நோ' என்று பெயர்த்தால் வெளியூர்க்காரர் காதில் 'முடியாது என்று உன்னிடம் சொன்னேன்' என்று விழுகிறது. நடுவில் இருக்கும் கால்நொடி இடைவெளியைக் கேட்டுப் பழகியவருக்கு மட்டுமே இரண்டும் பிரிந்து தெரியும். இலங்கை ஆங்கிலத்திலும் இந்த 'நோ' நன்றாக வேரூன்றியிருக்கிறது. வடக்கே 'நா' என்று இந்தியும் இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதிலும் இதே கோளாறு. 'இன்னும் சாப்பிடலையா?' என்று கேட்டால் 'ஆமாங்க, இன்னும் சாப்பிடல' என்று சொல்லலாம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'நோ' சொல்ல வேண்டிய இடம் அது. 'யூ ஹாவன்ட் ரிசீவ்ட் இட், ஹாவ் யூ?' என்ற கேள்விக்கு மதுரையிலிருந்து மரியாதையாக ஒரு 'யெஸ்' போனால், மறுமுனையில் பொருள் வந்து சேர்ந்துவிட்டதாக எழுதிக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 'இட் சீம்ஸ்'.

'மேனேஜர் ஹாஸ் கான் டு திண்டுக்கல், இட் சீம்ஸ்.' தென்னிந்தியாவில் ஆங்கிலம் பேசுகிற எந்த அலுவலகத்திலும் நாளுக்கு நான்கு முறை இப்படி ஒரு வாக்கியம் காதில் விழும். லண்டன்காரருக்கு இதன் பொருள்: அறை காலியாக இருக்கிறது, வண்டியைக் காணோம், ஆகவே போயிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். சொன்னவர் நினைத்தது அதுவல்ல. அவர் மனதில் ஓடியது 'மேனேஜர் திண்டுக்கல் போயிட்டாராம்'. யாரோ சொன்னார்கள், கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல. ஊகத்துக்குத் தமிழில் தனியாக 'போல' இருக்கிறது: 'போயிட்டார் போல'. 'ஆம்' என்பது கேள்விப்பட்ட செய்தி, 'போல' என்பது கண்ட தடயத்திலிருந்து எடுத்த முடிவு. தமிழ்ப் பிள்ளை இந்த வேறுபாட்டைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்கிறது, யாரும் சொல்லித்தருவதில்லை. செய்தி எந்த வழியாக வந்தது என்று வினையிலேயே குறிக்கும் மொழிகளை மொழியியலாளர்கள் தனியே ஆராய்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ஐக்கன்வால்ட் 2004இல் இதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். ஆங்கிலத்தில் அந்தக் குறி வினையில் இல்லை. 'அப்பேரன்ட்லி' என்ற சொல் ஓரளவு பக்கத்தில் வரும், ஆனால் பாடப்புத்தகம் அதைச் சொல்லித்தருவதில்லை. எனவே மதுரைக்காரர் கைக்குக் கிடைத்த 'இட் சீம்ஸ்'ஐ எடுத்து, அதன் சொந்தப் பொருளைக் கொட்டிவிட்டு, 'ஆம்' நிரப்பிக்கொண்டார். தெலுங்குக்காரரும் கன்னடக்காரரும் தத்தம் மொழியில் இதே மாதிரி வால் வைத்திருப்பதால் அவர்களும் அதையே செய்தார்கள்.

இதோடு நின்றுவிடவில்லை. 'ஆம்'க்கு ஒரு ஏளன முனையும் உண்டு. 'இவரு பெரிய ஆளாம்!' என்று சொல்லும்போது கேள்விப்பட்ட செய்தியைச் சொல்வதாகப் பாவனை செய்துகொண்டே அதைக் குப்பையில் போடுகிறோம். இந்த ஏளனமும் பெயர்ந்து வந்திருக்கிறது. 'ஹி இஸ் வெரி பிஸி, இட் சீம்ஸ்' என்று உதட்டைச் சுழித்துச் சொன்னால் மதுரையில் எல்லாருக்கும் புரிகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் மட்டும் 'ஓ, ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று அனுதாபப்படுவார். பாட்டி கதையில் வரும் 'ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்' என்ற 'ஆம்' இன்னும் பெயரவில்லை. பாட்டிகள் ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கினால் அதுவும் நடக்கும்.

'ஒன்லி'க்கு வருவோம். 'நவ் ஒன்லி ஐ கேம்', 'ஐ டோல்ட் யூ ஒன்லி'. இவை 'இப்பத்தான் வந்தேன்', 'உங்ககிட்டதான் சொன்னேன்' என்பவற்றின் ஆங்கில உடுப்பு என்பது தெரிந்ததே. கிளாடியா லாங்கே 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இந்திய ஆங்கிலத்தில் 'ஒன்லி'யும் 'இட்செல்ஃப்'பும் அழுத்தச் சொற்களாக மாறியதை ஆராய்ந்தார். ஆனால் இந்த மாற்றம் ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன விளக்கம் போதும். ஏகாரத்துக்கு ஐந்து வேலை என்கிறார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இவற்றில் பிரிநிலை என்பது பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. தேற்றம் என்பது ஐயமில்லை என்று உறுதி சொல்வது. ஆங்கில 'ஒன்லி'க்குப் பிரிநிலை மட்டுமே தெரியும். நம் 'தான்' பிரிநிலையும் தேற்றமும் சேர்ந்தது. 'தான்'ஐக் கொண்டுபோய் 'ஒன்லி'யில் ஏற்றியபோது தேற்றமும் கூடவே ஏறிக்கொண்டது. 'ஹி இஸ் இன் தி ஆபீஸ் ஒன்லி' என்றால் வேறெங்கும் இல்லை என்று பொருளல்ல. சத்தியமாக அங்கேதான் இருக்கிறார், நம்புங்கள் என்று பொருள். பிழை எது, ஏன் என்று இரண்டே சொல்லில் வகுத்துக்காட்டும் கலைச்சொல் நம்மிடம் இருக்கும்போது பயிற்சி வகுப்புகள் அதைப் பயன்படுத்தாமல் 'அப்படிச் சொல்லாதே' என்று மட்டும் சொல்கின்றன. தொல்காப்பியத்தையும் மேல்நாட்டு மொழியியலையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அந்த ஊரிலா இந்த நிலை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இடையியலில் இன்னொரு கலைச்சொல் இருக்கிறது: ஒழியிசை. சொல்லாமல் ஒழிந்துபோன பொருளைக் கேட்பவர் மனதில் இசைக்கச் செய்வது. 'மன்', 'தில்', ஓகாரம் மூன்றுக்கும் இந்த வேலை உண்டு என்கிறார் தொல்காப்பியர். 'மன்'னும் 'தில்'லும் பேச்சிலிருந்து போய்விட்டன, ஒழியிசை போகவில்லை. 'நானும் வந்திருப்பேன்...' என்று இழுத்து நிறுத்துகிறோம். 'நல்ல பையன்தான்...' என்று பெண் பார்க்க வந்தவரைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறோம். மிச்சத்தைக் கேட்பவர் முடித்துக்கொள்வார், முடித்ததற்கான பழியும் அவரையே சேரும்.

ஆங்கிலப் பேச்சில் இப்போது ஆய்வாளர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்று இதுவே. பள்ளி இலக்கணத்தில் 'பட்' என்பது இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல். பேச்சில் அது வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. ஜீன் மல்டரும் சாண்ட்ரா தாம்சனும் 2008இல் இதை ஆராய்ந்து, இணைப்புச் சொல்லாக இருந்த 'பட்' கொஞ்சம் கொஞ்சமாக ஈற்றுத் துணுக்காக மாறுவதைக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் அது சொல்லாத மிச்சத்தைத் தொங்கவிடுகிறது, அப்பட்டமான ஒழியிசை. ஆஸ்திரேலியப் பேச்சில் அதையும் தாண்டி, மிச்சம் எதுவும் இல்லாமலே 'ஆனாலும்' என்ற பொருளில் வாக்கியத்தை மூடிவிடுகிறது. 'தோ', 'தென்', 'எனிவே', 'சோ' எல்லாம் இப்படி வாலுக்கு இடம் மாறிய சொற்கள். 'ஐ டிட் செண்ட் தி மெயில், சோ...' என்று ஒரு அமெரிக்கர் நிறுத்தும்போது நம் பிள்ளைகள் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறார்கள். ஒன்றும் வராது. 'அனுப்பிட்டேன், இனி உங்க பாடு' என்பதை அவர் சொல்லி முடித்தாயிற்று. இதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடம் ஆகும். 'அனுப்பிட்டேனே...' என்று ஒரு ஏகாரத்தை இழுத்துக் காட்டினால் போதும்.

'அண்ட் ஸ்டஃப்', 'ஆர் சம்திங்' போன்ற வால்களும் இருக்கின்றன. மேரியன் ஓவர்ஸ்ட்ரீட் 1999இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். தமிழில் இந்த வேலைக்குத் தனிச்சொல் வேண்டியதில்லை, 'காப்பி கீப்பி', 'பஸ் கிஸ்' என்று 'கி'யைப் போட்டு எதிரொலித்தால் தீர்ந்தது. மொழியியலாளர் எம்.பி. எமனோ, இந்திய மொழிகள் ஒரே வட்டாரமாகக் கலந்து கிடப்பதற்கு இந்த எதிரொலியையும் ஒரு சான்றாகக் காட்டினார். மதுரை ஆங்கிலத்திலும் 'எனி ப்ராப்ளம் கிராப்ளம்?' காதில் விழும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பொருளோடு தொடர்புள்ள வால்கள். ஆளோடு மட்டும் தொடர்புள்ள வால்கள் தனி இனம். தொல்காப்பியர் 'மியா, இக, மோ, மதி, இகும், சின்' என்ற ஆறையும் முன்னிலைக்குரிய அசைச்சொற்கள் என்கிறார். எதிரே நிற்பவரிடம் பேசும்போது ஒட்டுபவை. 'கேள்' என்றாலே ஏவல் முடிந்துவிட்டது. 'கேண்மதி' என்பதில் 'மதி' எதற்கு? உரையாசிரியர்கள் பொருளில்லாத அசை என்றார்கள். 'கேளுப்பா', 'கேளும்மா', 'கேளுடா', 'கேளுங்க' என்று நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு அந்த விடை போதவில்லை. செய்தியில் அவை எதையும் கூட்டவில்லை என்பது உண்மை. எடுத்துவிட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பெரியார் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'கேளு' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்.

'பா'வும் 'மா'வும் முறைச்சொல்லிலிருந்து பிறந்து தேய்ந்தவை. அதனால்தான் அப்பா மகனை 'சொல்லுப்பா' என்கிறார், அம்மா மகளை 'வாம்மா' என்கிறார். முறை தலைகீழாகி அன்பு மட்டும் நிற்கிறது. இவற்றுக்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது. எனவே பெயர்க்காமல் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்: 'ஓகேப்பா', 'கம் டா', 'லீவ் இட் மா'. கேள்வி ஆகாரமும் இதே வழியில் ஒட்டுகிறது: 'ரெடியா?', 'ஃப்ரீயா?', 'ஓகேவா?'. இங்கே ஒரு சின்ன இன்பம். இகர ஈகார ஐகாரத்துக்குப் பின் யகரம், ஏகாரத்துக்குப் பின் யகரமோ வகரமோ, மற்ற உயிர்களுக்குப் பின் வகரம் என்பது நன்னூலின் உடம்படுமெய் விதி. 'ஃப்ரீ' ஈகாரத்தில் முடிவதால் 'ஃப்ரீயா'. 'ஓகே' ஏகாரத்தில் முடிவதால் கிடைக்கும் இரண்டு உரிமையில் ஒன்றை எடுத்து 'ஓகேவா'. நன்னூல் எழுதிய பவணந்தியார் கைபேசியை எட்டிப் பார்த்தால் திருத்த ஒன்றும் இருக்காது.

இதே மாதிரி வால் ஒன்றை எதிர்த்து ஓர் அரசே களமிறங்கியதும் உண்டு. சிங்கப்பூரில் 2000 ஏப்ரலில் பிரதமர் கோ சோக் டோங் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். குறி சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷ், அதன் முகமாக இருந்தது 'லா' என்ற ஈற்றசை. இயக்கம் சுவரொட்டி அடித்தது. 'லா' ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் போய் உட்கார்ந்தது. அங்கே தமிழ், மலாய், சீன மொழிக்காரர்கள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசும்போது, நாம் நம் ஆட்கள் என்று காட்ட அந்த ஒரு அசையை விட்டால் வேறு வழியில்லை.

'ங்க' மட்டும் தனிக்கதை. 'பா', 'டா' மாதிரி அதை ஆங்கிலச் சொல்லில் ஒட்டினால், 'ஓகேங்க', 'சாரிங்க' வரை போகும். முழு ஆங்கில வாக்கியத்தில் நிற்காது. அந்த இடத்துக்கு வந்தது 'சார்'. 'யெஸ் சார், கமிங் சார், ஃபைவ் மினிட்ஸ் சார், ட்ராஃபிக் சார்.' ஒரு மூச்சில் நான்கு 'சார்' வருவதைக் கேட்டு வெளிநாட்டவர் கூச்சப்படுகிறார்கள். அடிமைத்தனம் என்று சிலர் எழுதவும் செய்கிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'ஆமாங்க, வந்துட்டேங்க, அஞ்சு நிமிசங்க, ட்ராஃபிக்குங்க.' நான்கு 'ங்க'. யாரும் யாருக்கும் அடிமையில்லை, முகம் தெரியாதவரோடு பேசும் சாதாரண மரியாதை அது.

மரியாதையில் மதுரைக்கு இன்னும் நுட்பமான படி ஒன்று உண்டு. 'வந்தான்' என்று சொல்ல முடியாத, 'வந்தார்' என்று சொல்லும் அளவுக்குப் பெரியவரும் அல்லாத ஆட்கள்: இரண்டு மூன்று வயது மூத்த சக ஊழியர், பக்கத்துத் தெரு மாப்பிள்ளை, கடைப் பங்காளி. இவர்களுக்கென்றே 'வந்தாப்ல', 'சொன்னாப்ல' என்ற முடிப்பு வைத்திருக்கிறது இந்த ஊர். ஆங்கிலத்தில் 'ஹி' என்ற ஒரே சுட்டு எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைக்கிறது. மேலதிகாரியை 'ஹி' என்று சொல்ல வாய் கூசுகிறது. வினையின் கடைசியில் ஏற்ற முடியாத மரியாதையைப் பெயரின் கடைசிக்கு நகர்த்திக்கொண்டார்கள்: 'சொன்னாப்ல'வுக்குப் பதில் 'சிவா ப்ரோ டோல்ட்'. 'வந்தாரு'க்குப் பதில், சுட்டுப்பெயரையே விலக்கிவிட்டு, 'சார்'. 'சார் இஸ் இன் எ மீட்டிங். சார் வில் கால் யூ பேக். சார் ஹாஸ் கான் டு லன்ச், இட் சீம்ஸ்.' மறுமுனையில் ஒரு கணம் மௌனம். பிறகு கேள்வி வருகிறது: 'சாரி, விச் சார்?'